தூணுக்குப் பின்னால் ஓர் இடம்

விக்கன்ஃபீல்ட் தபால் நிலையம்,
சஃபோக்
9 மார்ச் 1954

அன்புள்ள பாதிரியார் ரே அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். ஈரத்தில் கொஞ்சம் பூசணம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. "இருமல் தேவலை" என்று இரண்டே வார்த்தை. ஊரைவிட்டுப் போன இந்த ஏழு வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால்தலையின் பின்பக்கத்தில் அடங்கிவிடும். குறை சொல்லவில்லை. ஜனங்கள் நிறைய எழுதினால்தான் தபால் நிலையம் நடத்துகிறவளுக்குப் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கோயிலுக்குக் குழாய் ஆர்கன் வரப்போகிறது. நார்மண்டிச் சண்டையில் போன தன் மகன் ஹ்யூவின் நினைவாக மிசஸ் பூல் வாங்கித் தருகிறார். அதில் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. பழைய ஹார்மோனியம் மழைக்காலத்தில் இழுப்புக்காரன் மாதிரி மூச்சு வாங்குகிறது, தொலையட்டும். ஆனால் ஆர்கனை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? பீடத்துக்குப் போகும் வழியில், வடக்குச் சுவரை ஒட்டி. நீங்களும் நானும் திறந்துவிட்ட, பீடத்தைப் பார்க்கிற அந்தச் சுவர்ப் பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு.

உங்களுக்கு அடுத்து வந்த பாதிரியார் மிஸ்டர் கிரெய்க் நல்ல பிள்ளை. சைக்கிளில் வருவார், யார் வீட்டில் கொடுத்தாலும் கேக் சாப்பிடுவார். போய்க் கேட்டேன். "அந்தக் குஷ்டரோகி ஜன்னலையா சொல்றீங்க? இப்ப நம்ம ஊர்ல குஷ்டரோகி யாரும் இல்லையே மிஸ் ஆல்டஸ்!" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயிலில் ஓர் ஆணியை இடம் மாற்றுவதானாலும் பேராயர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும், ஊர்க்காரர் யாரும் ஆட்சேபிக்கலாம் என்பது உங்களுக்கே தெரியும். நான் ஆட்சேபித்துவிட்டேன். ஊரில் பாதிப் பேர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தபால்தலை வாங்க வருகிறவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள்.

அந்தப் பொந்து என்ன, எந்தக் காலத்தது, எப்படித் திறந்தீர்கள் என்று நீங்கள் ஒரு வாக்குமூலம் எழுதித் தர வேண்டும். அன்று உளி பிடித்தது நீங்கள், லாந்தர் பிடித்தது நான். லாந்தர் பிடித்தவள் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஹெஸ்டர் ஆல்டஸ்


கெல்லோ மூர், டர்ஹம்
16 மார்ச் 1954

அன்புள்ள மிஸ் ஆல்டஸ்,

ஜன்னலில் காயப்போட்ட சட்டை எடுக்கும்போது சாம்பல் நிறமாக இருக்கும் ஊரில், உங்கள் கடித உறை வெள்ளை வெளேரென்று வந்து இறங்கியது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் "யாருக்கோ கல்யாணப் பத்திரிகையா சார்?" என்று கேட்டார். இல்லை, ஒரு சண்டைக்கு அழைப்பு என்றேன்.

வாக்குமூலம் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மிஸ்டர் கிரெய்க்கிடம் சொல்லுங்கள்: குஷ்டரோகிகளைக் கோயில் வாசற்படியே மிதிக்க விட்டிருக்க மாட்டார்கள், அப்புறம் உள்சுவரில் அவர்களுக்கு எதற்கு ஜன்னல்? அந்தக் காலத்தில் வடக்குப் பக்கவரிசையில் உட்கார்ந்த ஏழை ஜனங்களுக்குத் தூண் மறைக்கும். பாதிரியார் திராட்சைரசக் கிண்ணத்தை உயர்த்தும் அந்த ஒரு கணமாவது அவர்கள் கண்ணில் படட்டும் என்று எவனோ ஒரு கொத்தன் இரண்டடிக் கனத்துச் சுவரைச் சாய்வாகக் குடைந்தான். பிறகு நாடு ரோமை விட்டு மதம் மாறிய காலத்தில், பார்க்க ஒன்றுமில்லை, கேட்டால் போதும் என்று முடிவுகட்டி அடைத்துப் பூசிவிட்டார்கள். பக்கத்திலிருந்த மரத்தடுப்பில் வரைந்த புனிதர்களின் முகத்தைச் சுரண்டியதும் அதே கைகள்தான். நாம் திறந்தபோது உள்ளே ஒரு மெழுகுவர்த்தித் துண்டும் எலி எலும்பும் கிடந்தன. மெழுகுவர்த்தியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எலி என் பங்குக்கு வந்தது.

ஒரு சந்தேகம். கேட்கலாமா? அந்தப் பொந்துக்காக நீங்கள் ஊரைப் பகைத்துக்கொள்வது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நானிருந்த கடைசி ஒன்பது வருஷம் நீங்கள் அந்தத் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தீர்கள். கோயில் முழுவதிலும் பிரசங்க மேடை கண்ணுக்குத் தெரியாத ஒரே இடம் அது. என் பிரசங்கத்தைப் பற்றி உங்கள் தீர்ப்பு அதுதான் என்று புரிந்துகொண்டு நானும் பேசாமல் இருந்துவிட்டேன். தூண் இருக்கும்போது பொந்து எதற்கு?

கோபப்படாதீர்கள். கிழவனின் கிண்டல்.

உண்மையுள்ள,
லயனல் ரே

இருமல் தேவலை.


விக்கன்ஃபீல்ட்
2 ஏப்ரல் 1954

அன்புள்ள பாதிரியார் அவர்களுக்கு,

ஐம்பத்து நாலு வயதில் கிழவனா? இங்கே மணி அடிக்கிற ஆட்களில் பாதிப் பேர் எழுபது தாண்டியவர்கள். மணி அடித்துவிட்டு, பிரசங்கம் தொடங்குவதற்குள் நழுவிப் போய் பீர் குடிக்கிற சுறுசுறுப்பு அவர்களுக்கு இருக்கிறது.

வாக்குமூலம் கிடைத்தது. மிஸ்டர் கிரெய்க்கிடம் காட்டினேன். "ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு, ஒரு சின்னப் பலகையில எழுதி மாட்டிடலாம்" என்கிறார். பொந்தை அடைத்துவிட்டு, இங்கே ஒரு பொந்து இருந்தது என்று பலகை மாட்டுவார்களாம். நீங்களும்தான் என்ன எழுதியிருக்கிறீர்கள்! சுவரின் கனம் இருக்கிறது, சுண்ணாம்பின் காலம் இருக்கிறது. அதை மூடினால் யாருக்கு என்ன போகும் என்று ஒரு வரி இல்லை. அதை மூடிவிட்டால் அந்தக் கோயிலில் எனக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை. கூரையில் மரத் தேவதைகள் இருக்கிறார்கள், ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி மூக்குடைந்த சிங்கங்கள் இருக்கின்றன, எல்லாம் அழகுதான். சின்ன வயதிலிருந்து பார்த்தாயிற்று.

மிசஸ் பூல் நேற்று என் தபால் நிலையக் கடைக்கு வந்தார். வந்தவர் நேராகவே கேட்டார்: "ஏன் ஹெஸ்டர், என் பிள்ளை பேர்ல ஒரு ஆர்கன் வர்றது உனக்கு அவ்வளவு கண்ணை உறுத்துதா?"

"ஆர்கன் வரட்டும் மிசஸ் பூல். கொஞ்சம் தள்ளி வையுங்கன்னுதான் சொல்றேன்."

"எங்க தள்ளி? மணிக்கூண்டுக்குக் கீழயா? அவன் பேரு பீடத்துக்குப் பக்கத்துல இருக்கணும். அன்னைக்கு மேடையில அவன் பேரைப் படிச்ச மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. ஆர்கனாவது அழட்டும்."

 ஹ்யூ இறந்த தந்தியை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அன்றைக்குப் பிறகு அவரிடம் குரலை உயர்த்த என்னால் முடிவதில்லை. "கல் பாதிரி" என்று உங்களுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். உங்களுக்குத் தெரியாதது இல்லை.

மே மாதம் பேராயரின் நீதிபதி கோயிலுக்கே வந்து விசாரிக்கிறாராம். நீங்கள் நேரில் வந்து பேசுங்கள். என் வீட்டில் தங்க வேண்டாம், ஊர் பேசும். மிஸ்டர் கிரெய்க் வீட்டில் ஏழு அறை காலியாகக் கிடக்கிறது.

தூணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே குளிர் அதிகம், தலைக்குமேல் ஓட்டை, மழை சொட்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஹெஸ்டர் ஆல்டஸ்


கெல்லோ மூர்
11 ஏப்ரல் 1954

அன்புள்ள மிஸ் ஆல்டஸ்,

நான் வர முடியாது. போன வாரம் இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். அண்ணன் தம்பி. அந்தக் குடும்பங்களை விட்டுவிட்டு, ஒரு பொந்துக்காக வாதாட ரயிலேறுவது நன்றாயிருக்காது. உண்மையைச் சொன்னால், மிசஸ் பூலின் முகத்துக்கு நேரே நிற்கவும் எனக்குத் தைரியமில்லை.

அவர் சொல்வதில் தப்பில்லை. அன்று நான் அழவில்லை. மேடையில் நிற்கிறவன் உடைந்தால் கீழே இருக்கிறவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்தேன். பதினெட்டு வயதில் பிரான்சில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த காலத்தில் பழகிய புத்தி அது. குரலை இரும்பாக்கிக்கொண்டால் வேலை நடக்கும். அதனால் ஊருக்கு நான் கல்லாகத் தெரிந்தேன் என்றால், அந்த விலையைக் கொடுத்தாயிற்று. இங்கே இந்த வாரமும் அதே குரலில்தான் படித்தேன். இவர்களும் சீக்கிரம் ஒரு பெயர் வைப்பார்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசாரணையில் வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவார்கள். எங்கே உட்காருகிறீர்கள், எப்போதிலிருந்து, ஏன் என்று கேட்பார்கள். மழை சொட்டுகிற இடத்தைத் தேடிப்போய் உட்கார்ந்தேன் என்று சொல்லாதீர்கள், நீதிபதி சிரிப்பார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதுதான் காரணமென்றால் அதையே சொல்லுங்கள். நான் வருத்தப்பட மாட்டேன். அந்த வருத்தமெல்லாம் பட்டு முடித்தாயிற்று.

முன்வரிசையில் உங்கள் குடும்பத்து பெஞ்சு ஒன்று உண்டே, கைப்பிடி முனையில் முள்ளம்பன்றி செதுக்கியது. அங்கே நீங்கள் உட்கார்ந்திருந்த காலத்தில் பிரசங்கம் எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஒருத்தர் கேட்கிறார் என்று தெரிந்து எழுதுவது வேறு. பிறகு அந்த இடம் காலியாகிவிட்டது. அந்த முள்ளம்பன்றியைப் பார்த்தே ஒன்பது வருஷம் பிரசங்கம் செய்தேன்.

ஈஸ்டர் வாழ்த்துக்கள்.

லயனல் ரே


விக்கன்ஃபீல்ட்
20 மே 1954

அன்புள்ள பாதிரியார் அவர்களுக்கு,

விசாரணை முடிந்தது. என்ன நடந்தது என்பதை வேறு யாராவது எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுக் கோபம் வந்தால் கோபப்படுங்கள்.

பீடத்துக்கு முன்னால் மேசை போட்டு நீதிபதி உட்கார்ந்தார். பெரிய சரீரம், சின்னக் கண்ணாடி. ஊரே வந்திருந்தது. ஈஸ்டருக்குக்கூட இத்தனை கூட்டம் இல்லை. உங்கள் வாக்குமூலத்தைப் படித்தார்கள், எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். பிறகு நீதிபதி எழுந்து, "அந்த இடத்தைப் பார்க்கலாமா?" என்று வந்து என் இடத்தில் உட்கார்ந்தார். முழங்கால் முன் பெஞ்சில் இடித்தது.

"ஒண்ணும் தெரியலையேம்மா. வெறும் சுவர்தான் தெரியுது."

"உட்கார்ந்தா தெரியாதுங்க ஐயா. முழங்கால் போடணும். கும்பிடறவங்களுக்காக வெட்டினது அது."

மனுஷர் மெதுவாக முழங்காலிட்டார். மிஸ்டர் கிரெய்க்கைப் பீடத்தில் நின்று கிண்ணத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னார்.  "கை மட்டும் தெரியுது," என்றார். "இது நல்லா இருக்கே." எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினார். எப்போதிலிருந்து அங்கே உட்காருகிறேன் என்று கேட்டார். பொந்து திறந்த அடுத்த ஞாயிறு முதல், அதாவது முப்பத்தெட்டாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முந்தின அட்வென்ட் ஞாயிறு முதல் என்றேன். "ஏன்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மிசஸ் பூல் எழுந்துவிட்டார்.

"ஊருக்கே தெரியும் ஐயா. மிஸ்டர் ரே மூஞ்சியப் பாக்கப் பிடிக்காமத்தான் அங்க போய் ஒளிஞ்சுக்கிட்டா. அவளைத் தப்புச் சொல்ல மாட்டேன். என் பிள்ளை பேரை மளிகைச் சீட்டுப் படிக்கிற மாதிரி படிச்ச மனுஷன் அவரு."

எல்லோரும் சிரித்தார்கள். மிசஸ் பூல் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நீதிபதி என்னைப் பார்த்து, "அப்படித்தானா?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. நீங்களே அனுமதி கொடுத்திருந்தீர்கள். ஆனால் கை வேதாகமத்தின் மேல் இருந்தது. அதோடு, பொய்யென்று எனக்குத் தெரிந்த ஒன்றை அந்த அம்மாள் பத்து வருஷமாக நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இல்லைங்க ஐயா. பிரசங்கம் காதால கேக்கிறது, தூண் அதைத் தடுக்காது. பாதிரியார் பீடத்துல நிக்கும்போது நடுக்கூடத்துல இருக்கிறவங்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். அந்தப் பொந்து வழியா எனக்கு மட்டும் அவர் கை தெரியும். மேடையில இரும்பு மாதிரி பேசுவாரு. பீடத்துக்கு வந்தா கை நடுங்கும். சண்டை வருஷங்கள்ல ஒவ்வொரு தந்தி வந்த வாரமும் நடுங்குச்சு. அந்தத் தந்தியெல்லாம் நான்தான் வாங்கினேன், அதனால எனக்குத் தெரியும்."

பிறகு மிசஸ் பூல் பக்கம் திரும்பிச் சொன்னேன்: "ஹ்யூ பேரைப் படிச்ச அன்னைக்கு அவரால கிண்ணத்தைத் தூக்க முடியலைங்க. தூக்கினாரு, கீழ வச்சாரு. மறுபடி தூக்கி மறுபடி வச்சாரு. கடைசியில ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்கினப்ப திராட்சைரசம் சிந்திடுச்சு. அவரு முடிக்கிறவரை பாடினாங்க, பாட்டை ரொம்ப நீட்டுறாங்கன்னு நீங்கள்லாம் நினைச்சீங்க. அவரு கை முகத்துப் பக்கம் போச்சு, ஈரமாத் திரும்பி வந்துச்சு. பீடத்துத் துணி துவைக்கிறது நான். திங்கட்கிழமை அந்தக் கறையைத் துவைச்சேன். முழுசாப் போகலை. இன்னைக்கும் அந்தத் துணி அலமாரியில இருக்கு."

 மிசஸ் பூல் நின்றுகொண்டே இருந்தார். பிறகு கையுறையைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், உட்கார்ந்தார். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துவிட்டு, தீர்ப்பு தபாலில் வரும் என்று சொல்லிப் போய்விட்டார்.

நீங்கள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை ஊர் நடுவே போட்டு உடைத்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்ததை நினைத்து வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை. உங்களைக் கேட்காமல் செய்தேனே என்பது மட்டும் உறுத்துகிறது.

ஹெஸ்டர் ஆல்டஸ்


விக்கன்ஃபீல்ட்
22 ஜூன் 1954

அன்புள்ள பாதிரியார் ரே அவர்களுக்கு,

ஒரு மாதமாயிற்று, ஒரு வரி இல்லை. தபாலில் தொலைந்துவிட்டது என்று வேறு யாரிடமாவது சொல்லுங்கள், என்னிடம் சொல்லாதீர்கள். இந்த ஊருக்கு வருகிற ஒவ்வொரு பையையும் பிரித்துக் கொட்டுகிறவள் நான்.

தீர்ப்பு வந்தது. பொந்தை மூடக் கூடாது. ஆனால் நீதிபதி அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. விசாரணை நடந்த வாரமே மிசஸ் பூல் அவருக்கு எழுதி, ஆர்கன் மணிக்கூண்டுக்குக் கீழேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாராம். மணி அடிக்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். கயிறு குழாயில் மாட்டிக்கொள்ளுமாம். நழுவிப் போகிற வழி அடைபட்டதுதான் உண்மையான கோபம்.

ஜெயித்துவிட்டேன். ஆனால் இடம் போய்விட்டது. அடுத்த ஞாயிறு நான் போனபோது தூணுக்குப் பின்னால் மிசஸ் பூல் முழங்காலிட்டிருந்தார். அந்த உடம்போடு, அந்தக் கல் தரையில். பீடத்தில் இருந்தது மிஸ்டர் கிரெய்க்தான், அவருடைய கை கேக் வெட்டுகிற கை, ஒருநாளும் நடுங்காது. ஆனாலும் அந்த அம்மாள் கடைசிவரை பொந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுப்ப எனக்கு மனம் வருமா? திரும்பி வந்து கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அவர்தான் அங்கே. நான் ஊருக்கு வந்த விருந்தாளி மாதிரி எங்கெங்கோ உட்காருகிறேன்.

உங்களுக்குக் கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுதுங்கள். அட்டையிலாவது எழுதுங்கள். பதில் வராத கடிதம் ஒருத்தரை என்ன செய்யும் என்று தினமும் இந்தத் தபால் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற முகங்களில் பார்க்கிறேன். இப்போது ஜன்னலுக்கு உள்ளேயும் ஒரு முகம் அப்படி இருக்கிறது.

ஹெ. ஆல்டஸ்


கெல்லோ மூர்
28 ஜூன் 1954

அன்புள்ள ஹெஸ்டர்,

கோபமில்லை. முதல் வாரம் வெட்கம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவனிடம், ஜன்னல் திறந்திருந்தது என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? உங்கள் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். திறந்தேன், மூடினேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள், "சார், அந்த டிராயர் உடைஞ்சிடப்போகுது" என்றார்.

இரண்டாவது வாரம் மிசஸ் பூலிடமிருந்து கடிதம் வந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை, அவர் சுபாவமும் அது இல்லை. ஹ்யூ சின்ன வயதில் கோயில் கூரைத் தேவதைகளை உண்டிவில்லால் அடித்து மாட்டிக்கொண்ட கதையை இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கடைசியில், "அவனைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது" என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று இனி உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. எழுத வேண்டியது பெரிது, எனக்குப் பழக்கமில்லாதது. பத்துத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்த அட்வென்ட் ஞாயிறு, முப்பத்தெட்டில். அதற்கு முந்தின வாரம்தான் நாம் பொந்தைத் திறந்தோம். உங்கள் தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு, ஒரு கையில் லாந்தர், ஒரு கையில் அந்த மெழுகுவர்த்தித் துண்டு. "யாரோ கடைசியா ஊதி அணைச்சிருக்காங்க" என்றீர்கள். அன்றே தீர்மானித்துவிட்டேன். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்களோடு கல்லறைத் தோட்டம் வழியாக நடந்துபோய், என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்பதாக. மேடை ஏறியதும் முள்ளம்பன்றி பெஞ்சைப் பார்த்தேன். நீங்கள் இல்லை. தேடினேன். தூணுக்குப் பின்னாலிருந்து உங்கள் தொப்பியின் ஓரம் மட்டும் தெரிந்தது. நான் கேட்கப் போவதைத் தெரிந்துகொண்டு, கேட்காதே என்று நாசூக்காகச் சொல்லிவிட்டீர்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அங்கே இருந்தீர்கள். அதற்கடுத்த வாரமும். பிறகு கேட்க என்ன இருக்கிறது?

சண்டை வருஷங்களில் என் கை நடுங்கியது அந்தப் பிள்ளைகளுக்காக. ஆனால் நீங்கள் முதன்முதலில் அங்கே போய் உட்கார்ந்த அன்றும் நடுங்கியிருக்கும். உங்களை முன்வரிசையில் காணாமல், கேட்பதா விடுவதா என்று தெரியாமல் பீடத்தில் நின்றேன். நீங்கள் அதைப் பார்த்தீர்களா?

மிஸ்டர் கிரெய்க் ஆகஸ்ட் மாதம் விடுப்பில் போகிறாராம். அவருக்குப் பதிலாக நாலு ஞாயிறு ஆராதனை நடத்த வர முடியுமா என்று எழுதியிருக்கிறார். நான் வரலாமா, ஹெஸ்டர்? அன்றைக்குக் கேட்க நினைத்ததை இப்போது கேட்டால் தாமதமா? இந்த ஊரில் துணி வெளுக்காது, வீட்டில் ஒரு கதவும் ஒழுங்காகச் சாத்தாது, எனக்கு இருமல் தேவலையாகவும் இல்லை. இவ்வளவு வருஷமும் பொய் எழுதினேன்.

உங்கள்,
லயனல்


விக்கன்ஃபீல்ட்
6 ஜூலை 1954

அன்புள்ள லயனல்,

பெயர் சொல்லி எழுதி ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிரியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எனக்குக் கூசுகிறது. பழகிக்கொள்கிறேன்.

பார்த்தேன். முதல் ஞாயிறு சும்மா வேடிக்கைக்காகத்தான் போனேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எவளோ முழங்காலிட்டு என்ன பார்த்திருப்பாள் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒரு தடவை பார்த்துவிட்டு என் இடத்துக்குத் திரும்புவதாகத்தான் இருந்தேன். கிண்ணம் மேலே வந்தபோது கை நடுங்கியது. இந்த மனுஷருக்கு ஏதோ பெரிய கஷ்டம், யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார், பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும் என்று தோன்றியது. அதனால் அங்கேயே இருந்துவிட்டேன். அந்தக் கஷ்டம் நான்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களைப் பார்த்துக்கொள்வதற்காக நான் போன இடம், உங்களைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னதாக உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதை நினைத்து இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. கல்லறைத் தோட்டம் எங்கேயும் ஓடிப்போகவில்லையே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். சரி, விடுங்கள். சண்டை போட ஆகஸ்ட் முழுவதும் இருக்கிறது.

வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையோடு இறைச்சிக்கு ரேஷன் கூப்பன் ஒழிந்தது. கசாப்புக்கடையில் நேற்று திருவிழாக் கூட்டம். உங்களுக்காக ஆட்டுத்தொடை சொல்லி வைத்திருக்கிறேன். இருமலுக்குத் தேனும் அதிமதுரக் கஷாயமும் தயார். இனி அட்டையில் பொய் எழுதி என்னை ஏமாற்ற முடியாது, நேரில் கேட்டுவிடுவேன்.

நீங்கள் வருவதை மிசஸ் பூலிடம் சொன்னேன். வாங்கிய தபால்தலைகளை எண்ணிப் பையில் வைத்தார். பிறகு, "ஹெஸ்டர், அது உன் இடம். அவரு வர்ற அன்னைக்கு நான் எழுந்துக்கிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். "ஏன்?" என்றார். நீங்களே பாருங்கள், நான் நிறையப் பார்த்தாயிற்று என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே நின்றார். பின்னால் நாலு பேர் தபால்தலைக்குக் காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே பொந்துக்குப் பக்கத்தில் அவர் இருப்பார். கை நடுங்கினால் நடுங்கட்டும். ரசம் சிந்தினால் சிந்தட்டும், துவைக்க நான் இருக்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலை நான் எழுதப் போவதில்லை. ஒருத்தி எங்கே உட்காருகிறாள் என்பதைப் பார்த்துத்தான் நீங்கள் பதில் தெரிந்துகொள்வீர்கள் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் ஆகஸ்ட் முதல் ஞாயிறு மேடை ஏறியதும் நேர் கீழே பாருங்கள். முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் இருப்பேன். தொப்பி போடுவேன், ஆனால் முகத்தை மறைக்காத தொப்பி.

ஹெஸ்டர்